அண்ணியின் ரிப்போட்டில் எஸ்ட்ரியால் குறைவு: நச்சுக்கொடி வேலை செய்யவில்லையா?

2024 மார்ச் 3, மாலை: வந்த கேள்வி

தலவாக்கலைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். அண்ணிக்கு இது முதல் பிள்ளை. அண்ணனுக்குக் கொழும்பில் வேலை. அண்ணி அங்கே போயிருந்த சமயம் ஒரு டொக்டர் சொல்லி, இரத்தத்தில் மூன்று பொருள் பார்க்கிற பரிசோதனை செய்தார்கள். ரிப்போட்டில் எஸ்ட்ரியால் 0.62 மடங்கு, குறைவு என்று இருக்கிறது. பக்கத்து லயத்து அக்கா தாதிப் படிப்புப் படித்தவர். "ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் நச்சுக்கொடி வேலை செய்யவில்லை என்று அர்த்தம், அடிக்கடி அளந்துகொண்டே இருக்க வேண்டும்" என்கிறார். கண்டியில் எங்கே அளக்கலாம்? 24 மணி நேரச் சிறுநீரிலும் பார்க்கலாமாமே? அண்ணி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

மார்ச் 3, இரவு

முதலில் அண்ணியைச் சாப்பிடச் சொல்லுங்கள் தங்கச்சி.

அந்த அக்கா சொன்னது பொய் இல்லை, பழசு. நான் லெப்பில் சேர்ந்த 1981-இல் அதையேதான் எனக்கும் சொல்லித் தந்தார்கள். ஆனால் கொழும்பில் செய்தது அந்தப் பரிசோதனை இல்லை. நாலாம் ஐந்தாம் மாதத்தில் டவுண் சின்ட்ரோம் போன்றவற்றுக்கு வாய்ப்பு கூடவா குறையவா என்று சல்லடை போடுகிற பரிசோதனை அது. எஸ்ட்ரியால் என்கிற ஈஸ்ட்ரோஜன் வகை அதில் மூன்றில் ஒன்று. அதே வாரத்துத் தாய்மாரின் நடு அளவை 1 என்று வைத்துத்தான் 0.62 மடங்கு என்று போடுகிறார்கள். நச்சுக்கொடியின் வேலையை அளக்க அந்த மாதத்தில் அதைச் செய்வதில்லை.

மற்ற இரண்டு எண்களும் என்ன? கடைசி மாதவிலக்குத் தேதி என்ன போட்டிருக்கிறது? ரிப்போட்டைப் பார்த்து எழுதுங்கள்.

மார்ச் 4

நேற்று அவசரத்தில் எழுதிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன், நேரம் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எஸ்ட்ரியால் ஈஸ்ட்ரோஜன் குடும்பத்தில் பலம் குறைந்த தம்பி. கர்ப்பம் இல்லாதபோது உடம்பில் இருப்பதே தெரியாது. கர்ப்பத்தின் கடைசியில் சிறுநீரில் அது ஆயிரம் மடங்கு வரை கூடும். 1930-இல் லண்டனில் மாரியன் என்பவர் கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்துதான் இதைப் பிரித்தெடுத்தார்.

இதை நச்சுக்கொடி தனியாகச் செய்வதில்லை. பள்ளிப் புத்தகத்தில் சூல்வித்தகம் என்று படித்திருப்பீர்கள். அதனிடம் ஒரு நொதியம் இல்லை, அதனால் மூலப்பொருளை அதனால் உண்டாக்க முடியாது. தேயிலையை வைத்துச் சொன்னால் நமக்குச் சீக்கிரம் விளங்கும். கொழுந்து பறிப்பது பிள்ளையின் அதிரீனல் சுரப்பி. சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும், வயிற்றுப் பிள்ளைக்கு உடம்பைப் பார்க்க ரொம்பப் பெரிதாக இருக்கும். பறித்த கொழுந்தை வாட்டுவது பிள்ளையின் ஈரல். வாடிய கொழுந்தை அரைத்துத் தூளாக்குகிற பாக்டரிதான் நச்சுக்கொடி. தூளைப் பெட்டி கட்டுவது தாயின் ஈரல். லொறியில் ஏற்றி வெளியே அனுப்புவது தாயின் சிறுநீரகம். எஸ்ட்ரியாலில் பத்தில் ஒன்பது பங்கு இந்த வழியாகத்தான் வருகிறது. சுவீடனில் டிச்ஃபலூசி என்பவர் அறுபதுகளில் பிள்ளையையும் நச்சுக்கொடியையும் சேர்த்து ஒரே அலகு என்று சொன்னது இதனால்தான்.

அழகான யோசனைதான். துறைமுகத்தில் பெட்டியை எண்ணினால் தோட்டத்தின் நிலைமை தெரிந்துவிடும் என்கிற மாதிரி. ஆனால் பெட்டி குறைந்தால் பாக்டரி மேல் மட்டும் பழி போட முடியுமா? மழை இல்லாமல் கொழுந்தே இல்லாமல் போயிருக்கலாம். லொறி கினிகத்தேனை வளைவில் பழுதாகி நின்றிருக்கலாம். எண்ணுகிறவன் தூங்கியிருக்கலாம்.

மார்ச் 4, கொஞ்சம் பிறகு

ஒன்றை விட்டுவிட்டேன். உயரமான மலையில் இருக்கிற தாய்மாருக்கு எஸ்ட்ரியால் குறைவாக இருக்கும் என்று பாடத்தில் உண்டு. அப்படியானால் நம் நுவரெலியா மாவட்டமே குறைவுதான், கவலையை விடுங்கள்!

மார்ச் 6

24 மணி நேரச் சிறுநீர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எஸ்ட்ரியாலை நான் என் கையால் சிறுநீரில் அளந்ததில்லை. என் மேலதிகாரி எழுபதுகளில் இங்கிலாந்தில் பயிற்சி எடுத்தவர், அவர் அளந்திருக்கிறார். சிறுநீரை அமிலம் விட்டுக் கொதிக்கவைத்து, பிரித்தெடுத்து, கந்தக அமிலத்தோடு சூடாக்கினால் ரோஜா நிறம் வரும். கோபர் என்பவர் 1931-இல் கண்டுபிடித்த நிறம் அது. "கண்ணுக்கு அழகு, மூக்குக்கு நரகம்" என்பார். பிறகு கதிரியக்க முறை வந்து இரத்தத்திலேயே அளக்க முடிந்ததும் அந்த நிறத்தை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

கடைசி மாதத்தில் ஒரு நாளைக்கு 12 மில்லிகிராமுக்கு மேல் போனால் நிம்மதி, 4-க்குக் கீழே இறங்கினால் பெரிய ஆபத்து என்று அவர் காலத்துக் கணக்கு. இடையில் இருந்தால்? மறுபடி அளக்க வேண்டும். ஒரு நோயும் இல்லாத தாய்க்கே ஒரு நாளைக்கும் மறுநாளைக்கும் கால் பங்கு வித்தியாசம் வரும். அதனால் ஒரு நாள் எண்ணை நம்பமாட்டார்கள். முந்தின மூன்று நாள் சராசரியில் பாதியளவு விழுந்தால்தான் மணி அடிப்பார்கள்.

நான் செய்தது 24 மணி நேரச் சிறுநீரில் புரதம். பிரஷர் கூடின தாய்மாருக்கு. சேகரிக்கிற பாடு இரண்டுக்கும் ஒன்றுதான். காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீரை வெளியே விட வேண்டும். அதற்குப் பிறகு போகிறது எல்லாம் கேனுக்குள். மறுநாள் காலை முதல் சிறுநீரும் கேனுக்குள். சொல்வது சுலபம். ஆறாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கிறவள் கேனைக் கூடையிலா கட்டிக்கொண்டு போவாள்? பேர் விழாது, அன்றைய சம்பளம் போய்விடும் என்று வேலைக்கும் போயாக வேண்டும். பத்து வீட்டுக்கு ஒரு கக்கூசு, அங்கே கேனோடு போய் வந்தால் லயமே கேட்கும். மண்ணெண்ணெய்க் கேனில் வந்தது உண்டு. பஸ்ஸில் மூடி திறந்து, நாவலப்பிட்டியில் இறங்கும்போது பாதி வந்ததும் உண்டு.

ஒரு தடவை ஒரு தாய் கேன் விளிம்பு வரை நிரப்பிக் கொண்டுவந்தார். இவ்வளவா என்றேன். குறைவாக இருந்தால் டொக்டர் ஏசுவார் என்று மாமியாரும் கொஞ்சம் உதவி செய்தாராம். (எஸ்ட்ரியாலாக இருந்தால் பெரிய சேதம் இல்லை. மொத்த அளவைத்தான் பார்ப்பார்கள், மாமியாரிடம் அது ஏது? புரதம் என்றால் சரிவராது, மாமியாருக்குச் சீனி வியாதி.)

இந்தக் கள்ளத்தைப் பிடிக்க வழி உண்டு. அதே கேனில் கிரியாட்டினினும் (தசையிலிருந்து வருகிற கழிவு) பார்த்தால் போதும். ஒரு ஆள் ஒரு நாளைக்கு வெளியேற்றுவது ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். ரொம்பக் குறைந்தால் கேனுக்கு வெளியே போயிருக்கிறது, ரொம்பக் கூடினால் மாமியார் வந்திருக்கிறார். நான் அதைப் பார்க்காமல் ஒரு ரிப்போட்டும் எழுதினதில்லை.

மார்ச் 7

திருத்தம். மார்ச் 4-இல் மலை உயரம் பற்றி எழுதியது தப்பு. பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த ஆராய்ச்சி பெரு நாட்டில், 4000 மீற்றருக்கு மேலே இருக்கிற சுரங்க ஊரில் செய்தது. நுவரெலியா 1868 மீற்றர். தலவாக்கலை அதைவிட 600 மீற்றராவது கீழே. பீதுருதலாகலை உச்சியில் லயம் கட்டிக் குடியிருந்தாலும் 2524-தான். பகிடிக்கு எழுதினது என்றாலும் யாராவது அதை வைத்து ரிப்போட்டை ஒதுக்கிவிடக் கூடாது.

மார்ச் 9

சிவராத்திரி கண் முழித்து இப்போதுதான் தெளிந்தேன்.

"அப்போ ஏன் விட்டுவிட்டார்கள்?" என்று நீங்கள் கேட்டதற்குப் பதில். இரண்டு காரணம்.

ஒன்று, பிள்ளைக்கு ஒன்றும் இல்லாமலே எஸ்ட்ரியால் விழும். பிள்ளையின் சுவாசப்பை முற்றுவதற்குத் தாய்க்கு டெக்சாமெதசோன் ஊசி போடுகிறார்களே, அது பிள்ளையின் அதிரீனலைத் தூங்கவைத்துவிடும். எண் விழும், பிள்ளைக்கு நல்லதுதான் நடந்திருக்கும். அம்பிசிலின் கொடுத்தாலும் விழும். தாயின் ஈரல் கட்டின பெட்டியில் ஒரு பங்கு பித்தத்தோடு குடலுக்குப் போகிறது. அங்கே இருக்கிற கிருமிகள் பெட்டியை உடைத்துத் தூளைத் திரும்ப உள்ளே அனுப்பும். அம்பிசிலின் அந்தக் கிருமிகளைக் கொன்றுவிட்டால் தூள் மலத்தோடு போய்விடும், சிறுநீருக்கு வராது. சிறுநீரில் சீனி இருந்தால் கொதிக்கவைக்கும்போதே ஒரு பகுதி அழிந்துபோகும். தாயின் சிறுநீரகம் பழுதென்றால் லொறியே இல்லை.

அதிசயமான ஒன்றும் உண்டு. பிள்ளையிடமிருந்து வருகிற மூலப்பொருளில் சல்பேட் ஒட்டியிருக்கும். சில ஆண் பிள்ளைகளின் நச்சுக்கொடியில் அதைக் கழற்றுகிற நொதியம் பிறவியிலேயே இருக்காது. எஸ்ட்ரியால் கிட்டத்தட்டப் பூச்சியம். அந்தக் காலத்தில் அந்த எண்ணைப் பார்த்த டொக்டருக்கு நெஞ்சு நின்றிருக்கும். பிள்ளை கத்திக்கொண்டு பிறக்கும். பிறகு தோல் மீன் செதில் மாதிரி வறளும், அவ்வளவுதான். நச்சுக்கொடி மற்ற எல்லா வேலையையும் செய்துகொண்டுதான் இருந்திருக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு. மூளை வளராத பிள்ளைக்கு அதிரீனல் சுருங்கிக் கிடக்கும், எஸ்ட்ரியால் பத்தில் ஒன்றாக இருக்கும், அங்கேயும் பாக்டரி மேல் குற்றம் இல்லை.

இரண்டாவது காரணம்தான் பெரியது. 1976-இல் அமெரிக்காவில், ஆபத்து அதிகமான 622 தாய்மாரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கத்துக்கு இரத்த ஈஸ்ட்ரோஜன் எண்ணை டொக்டருக்குச் சொன்னார்கள். மறுபக்கத்துக்கு மறைத்தார்கள். எத்தனை பிள்ளை இறந்தது என்று பார்த்தால் இரண்டு பக்கத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எண் தெரிந்ததால் ஒருவரும் பிழைக்கவில்லை. இருபது முப்பது வருஷம் உலகம் முழுக்கக் கேன் தூக்கின பிறகு இப்படி. என் மேலதிகாரி இதைச் சொல்லும்போது சிரிக்கமாட்டார்.

மார்ச் 10

ரிப்போட் விவரம் எழுதினதற்கு நன்றி. இரத்தம் எடுத்தது பெப்ரவரி 27. கடைசி மாதவிலக்கு நவம்பர் 5 என்று போட்டு 16 வாரம் 2 நாள் என்று கணக்குப் பண்ணியிருக்கிறார்கள். ஏ.எஃப்.பி.யும் (பிள்ளையின் ஈரல் செய்கிற புரதம்) குறைவு, எச்.சி.ஜி. (நச்சுக்கொடி சுரக்கிற ஹோர்மோன்) கூடுதல். இந்த மூன்றும் சேர்ந்து வருகிற கோலம் டவுண் சின்ட்ரோமுக்கும் பொருந்தும், அதனால்தான் டொக்டர் முகத்தைச் சுருக்கியிருப்பார். அதே கோலம் தேதி தப்பானாலும் வரும். எஸ்ட்ரியால் இந்தக் கட்டத்தில் வாரத்துக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடிக்கொண்டே போகும். எச்.சி.ஜி. இறங்கிக்கொண்டு போகும். பிள்ளையின் வயதைக் கூட்டிச் சொன்னால் எஸ்ட்ரியால் பாவம் பின்தங்கித் தெரியும்.

நவம்பர் 5 என்று யார் சொன்னது? அண்ணியா, அண்ணனா? ஸ்கான் எடுத்தார்களா?

மார்ச் 10, இரவு

இதைத்தான் எதிர்பார்த்தேன். அண்ணி சொன்னது "தீபாவளி முடிந்த முதல் கிழமை". அண்ணன் கவுண்டரில் சொன்னது "தீபாவளிக்கு முதல் கிழமை". நம் பேச்சில் "முதல்" என்றால் முந்தியும்தான், ஒன்றாவதும்தான். தீபாவளி நவம்பர் 12. முடிந்த முதல் கிழமை என்றால் 19 வாக்கில். முழுசாக இரண்டு வாரம். ஒரு "க்கு" போட்டதால் எஸ்ட்ரியால் குறைந்திருக்கிறது.

நான் சொல்வது ஊகம்தான். ஸ்கான் எடுக்காமல் யாரும் முடிவு சொல்லக் கூடாது, நானும்தான். கிளினிக்கில் மிஸ்ஸியிடம் ரிப்போட்டையும் கர்ப்பிணி அட்டையையும் சேர்த்துக் காட்டுங்கள்.

மார்ச் 16

14-ஆம் தேதி ஸ்கானில் 16 வாரம் 3 நாள். அப்படியென்றால் பெப்ரவரி 27-இல் 14 வாரம் சொச்சம். பரிசோதனைக்கு 15 வாரம் ஆகியிருக்க வேண்டும், அதற்கே முந்திவிட்டார்கள். டொக்டர் மறுபடி இரத்தம் எடுக்கச் சொன்னது சரி. வருவதை எழுதுங்கள். வந்தாலும் அது வாய்ப்பைச் சொல்கிற எண்தான், தீர்ப்பு இல்லை.

மார்ச் 24

0.97. சந்தோஷம். அண்ணனிடம் இனி தேதியை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

இரத்தம் குறைவு என்று மிஸ்ஸி சொன்னாரா? ஹீமோகுளோபின் 9.8 என்றால் எஸ்ட்ரியாலைவிட அதுதான் கவலை. இரும்புச்சத்துக் குளிசையைப் பிளேன்டீயோடு விழுங்குகிற பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு. என் அம்மாவும் அப்படித்தான். தேயிலைச் சாயம் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும், உடம்புக்குச் சேராது. தேயிலை நமக்குச் செய்கிற எத்தனையோ அநியாயத்தில் இது ஒன்று. ஒரு மணித்தியாலமாவது தள்ளி, தண்ணீரோடு குடிக்கச் சொல்லுங்கள். தேசிக்காய் பிழிந்த தண்ணீர் இன்னும் நல்லது. கிளினிக்கில் தருகிற திரிபோஷா சத்துமாவை அண்ணிக்கே கொடுங்கள், வீட்டில் எல்லாருக்கும் உருண்டை பிடித்துப் பங்கு வைக்காமல்.

ஜூலை 21

நாலு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். 35 வாரமா! நச்சுக்கொடி வேலை செய்கிறதா என்று இப்போது எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதுதான் அந்தக் கேள்விக்கு நேரம்.

மிஸ்ஸி நாடாவை வைத்து வயிற்றை அளக்கிறாரே, அது அற்பம் இல்லை. வாரமும் சென்டிமீற்றரும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். வளர்ச்சி பின்தங்கினால் ஸ்கான், தொப்புள்கொடியில் இரத்தம் ஓடுகிற வேகத்தை டொப்ளரில் பார்ப்பது. ஆபத்துள்ள தாய்மாரில் டொப்ளர் பார்த்ததால் பிள்ளைகளின் இறப்பு குறைந்தது என்று சோதித்தே காட்டியிருக்கிறார்கள். எஸ்ட்ரியாலால் காட்ட முடியாமல் போனது அது. நச்சுக்கொடி சுரக்கிற ஒரு வளர்ச்சிக் காரணியை இப்போது இரத்தத்தில் அளக்கிறார்கள், பிரஷர் வருத்தத்தைக் கண்டுபிடிக்க. வெளிநாட்டில் பழக்கத்துக்கு வந்துவிட்டது.

வீட்டில் செய்யக்கூடியது அசைவை எண்ணுவது. காலையிலிருந்து 12 மணித்தியாலத்தில் பத்து அசைவு என்பது பழைய கணக்கு. நான் சொல்வது வேறு. பத்து வருகிறதா என்று மாலை வரை காத்திருக்க வேண்டாம். வழக்கத்தைவிடக் குறைந்தது என்று அண்ணிக்குப் பட்டால் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நடுச்சாமம் என்றாலும், மழை என்றாலும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், 1987-இல் என் மனைவிக்கு முதல் பிள்ளை. 36 வாரம், பிரஷர் கூட. 24 மணி நேரச் சிறுநீர் கேட்டார்கள். கேனை லெப்புக்குக் கொண்டுபோனது நான். புரதம் பார்த்ததும் நான். 280 மில்லிகிராம். 300-க்கு மேல் போனால்தான் கெடுதி. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் "காலையிலிருந்து பிள்ளை அசையவே இல்லை" என்றாள். "ரிப்போட் நல்லாத்தானே இருக்கு, தூங்குது" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் சீலையை மாற்றிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, ரோட்டில் இறங்கிக் கொழுந்து லொறியை மறித்தாள். நான் பின்னால் ஓடினேன். அன்று இரவே ஒப்பரேசன். 2.1 கிலோ, பொம்பிளைப் பிள்ளை. நச்சுக்கொடியை டொக்டர் எனக்குக் காட்டினார். கால் பங்கு வெளுத்து, கல் மாதிரி இறுகிக் கிடந்தது. பாக்டரி எப்போதோ நின்றுகொண்டிருந்திருக்கிறது.

மகள் இப்போது பண்டாரவளைப் பக்கம் டீச்சர்.

இன்னொன்று. மார்ச் 6-இல் கிரியாட்டினின் பார்க்காமல் ஒரு ரிப்போட்டும் எழுதினதில்லை என்று பெருமை அடித்திருக்கிறேன். அந்தக் கேனுக்குப் பார்க்கவில்லை. சொந்த வீட்டுக் கேன்தானே என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 23

மனைவி மேலே எழுதினதை முழுக்க வாசித்துவிட்டாள். இரண்டு திருத்தம் போடச் சொல்கிறாள்.

மறித்தது கொழுந்து லொறி இல்லை, பேக்கரி வேன். லொறி நிற்காமல் போய்விட்டதாம்.

மற்றது, அந்த இரவு கரண்ட் இல்லை. எழுந்தபோது இருட்டில் கேனைத் தேட முடியாமல் மூன்று தடவையும் வெளியே போய்விட்டு வந்தாளாம். காலையில் எனக்குச் சொன்னாளாம். நான் வேலைக்குப் போகிற அவசரத்தில் "சரி சரி" என்றேனாம்.